கப்பன் பார்க்குக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

பெங்களூருக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து இறங்கியவர்களிடம், "இன்னும் கப்பன் பார்க் போகலையா?" என்று கேட்காத ஆள் இல்லை. போய்விட்டு வந்தவர்களில் பாதிப் பேர் சொல்வது, "என்ன இருக்கு அங்க, வெறும் மரம்தானே." இன்னொரு பாதிப் பேர் ஒவ்வொரு வாரமும் போகிறார்கள். இரண்டு கூட்டமும் பார்த்தது ஒரே பூங்காதான். எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த வாசல் வழியாகப் போனார்கள் என்பதில்தான் வித்தியாசம். அந்த மூன்றையும் சரியாக அமைத்துக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். லால்பாக் வேறு, கப்பன் பார்க் வேறு. கண்ணாடி மாளிகை, குடியரசு தின, சுதந்திர தின மலர்க் கண்காட்சி, நுழைவுச்சீட்டு, இதெல்லாம் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக்கில். கப்பன் பார்க்குக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. ஒரே ஒரு பெரிய வாசல் என்றும் இல்லை. நாலா பக்கமும் திறப்பு, நடுவே சாலைகள், உள்ளேயே நூலகம், கிளப், டென்னிஸ் மைதானம் என்று நகரத்தோடு பின்னிப் பிணைந்து கிடக்கும் இடம். 'சுற்றிப் பார்த்து முடித்தேன்' என்று சொல்லக்கூடிய இடமாக நினைத்துப் போனால் ஏமாற்றம்தான்.

கொஞ்சம் பின்னணி

1870இல் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சாங்கி அமைத்த பூங்கா இது. அப்போது பொறுப்பு ஆணையராக இருந்த ஜான் மீட் பெயரில் முதலில் மீட்ஸ் பார்க். பிறகு, 1834 முதல் 1861 வரை மைசூரை ஆண்ட ஆணையர் மார்க் கப்பனின் பெயர் ஒட்டிக்கொண்டது. கப்பன் மதராஸ் ராணுவத்தில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தவர். ஊர் திரும்பும் வழியில் சூயஸில் இறந்துபோனார். தன் பெயரில் பூங்கா வந்ததைப் பார்க்கவே இல்லை. 1927இல், நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சி வெள்ளி விழாவை ஒட்டி, அதிகாரப்பூர்வப் பெயர் ஸ்ரீ சாமராஜேந்திர பூங்கா என்று மாறியது. ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். கப்பன் பார்க் என்றே சொல்லுங்கள்.

நூறு ஏக்கராகத் தொடங்கியது, பின்னால் ஏறக்குறைய முந்நூறு ஏக்கராக வளர்ந்தது. அந்தப் பரப்பிலிருந்துதான் கட்டடங்களுக்கும் கிளப்புகளுக்கும் இடம் போனது. இதற்கு மேல் போகக் கூடாது என்று 1975இல் கர்நாடக அரசு பூங்காக்களைக் காக்க ஒரு சட்டமே போட்டது.

தமிழர்களுக்கு இந்தப் பூங்காவில் இன்னொரு சுவாரஸ்யம் உண்டு. 1809இல் ஆங்கிலேயர் உருவாக்கிய கன்டோன்மென்ட் என்ற ராணுவக் குடியிருப்பு ஒரு பக்கம், மைசூர் அரசின் கீழிருந்த பழைய பேட்டை மறு பக்கம், இரண்டுக்கும் இடையில் இந்தப் பூங்கா. கிழக்கே அல்சூர், சிவாஜிநகர் பக்கம் மதராஸ் படைகளோடு வந்து குடியேறிய தமிழர்கள். மேற்கே கன்னடம் பேசும் பேட்டைத் தெருக்கள். 1949இல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சி ஆயின. இன்றைக்கும் பூங்காவின் கிழக்கு முனையிலிருந்து சிவாஜிநகர் நோக்கி நடந்தால், காதில் விழும் தமிழ் கூடிக்கொண்டே போவதைக் கேட்கலாம்.

நாள், நேரம்

இதுதான் முக்கியம், இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு உள்ளே போனால், நீங்கள் பார்ப்பது ஒரு குறுக்குச் சாலை. ஹட்சன் சர்க்கிளிலிருந்து அந்தப் பக்கம் போகிற வண்டியெல்லாம் மரத்தடி வழியாகத்தான் பாயும். ஞாயிற்றுக்கிழமை காலை அதே சாலையில் வண்டி கிடையாது. சைக்கிள் பழகும் குழந்தைகள், ஓடுகிறவர்கள், நாயைக் கூட்டி வந்தவர்கள், சும்மா கைவீசி நடக்கிற தாத்தாக்கள் என்று சாலை முழுக்க ஆட்களே. முதல்முறை போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் இருக்கும், இருக்கட்டும். வண்டிச் சத்தத்தைவிட மனுஷக் கூட்டம் எவ்வளவோ மேல்.

கூட்டமே பிடிக்காது என்றால் வார நாளில் காலை ஆறிலிருந்து எட்டுக்குள். தொள்ளாயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஊர். டிசம்பர், ஜனவரி காலையில் ஸ்வெட்டர் வேண்டியிருக்கும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் அதை நம்பாமல் அரைக்கைச் சட்டையில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலைக்கு ஒரு தனி ரகம் உண்டு. புல்தரையில் பாய், போர்வை விரித்துப் பத்து, ஐம்பது, சில நேரம் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பேசாமல் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருப்பார்கள். கப்பன் ரீட்ஸ் என்று பெயர். உறுப்பினர் கட்டணம், அறிமுகப் பேச்சு, விவாதம் எதுவும் இல்லை. ஒரு புத்தகத்தோடு போய் ஓரமாக உட்கார்ந்தால் நீங்களும் அதில் சேர்ந்தாயிற்று. ஊருக்குப் புதிதாக வந்து, யாரிடமும் வலியப் போய்ப் பேசவும் கூச்சமாக இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இந்த நகரத்தில் இல்லை. தமிழ்ப் புத்தகம் எடுத்துப் போங்கள். அட்டையைப் பார்த்துவிட்டு யாராவது தமிழர் தானாகவே பேச்சுக் கொடுக்க வாய்ப்பு அதிகம்.

தவிர்க்க வேண்டிய நாள் திங்கட்கிழமை. அருங்காட்சியகம், நூலகம் இரண்டும் அன்று விடுமுறை. இன்னொன்று, சின்னசாமி மைதானத்தில் கிரிக்கெட் போட்டி இருக்கும் நாள். மைதானம் பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் மதியத்துக்கு மேல் அந்த வட்டாரமே நகராது. ஐபிஎல் சீசனில் போட்டி அட்டவணையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எப்படிப் போவது

மெட்ரோ. வேறு யோசனையே வேண்டாம். காரில் வந்தால் நிறுத்த இடம் தேடுவதிலேயே காலைப் பொழுது கரைந்துவிடும்.

சென்னை, கோவைப் பக்கமிருந்து ரயிலில் வந்து கேஎஸ்ஆர் பெங்களூரில், அதாவது பழைய சிட்டி ஸ்டேஷனில் இறங்குகிறவர்களுக்கு மெஜஸ்டிக் மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே. ஊதா வழித்தடத்தில் ஒயிட்ஃபீல்டு பக்கம் போகும் வண்டியில் ஏறினால், விஸ்வேஸ்வரய்யா நிலையம், அம்பேத்கர் விதான சவுதா நிலையம், அடுத்தது கப்பன் பார்க். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் நிற்கும் ரயிலாக இருந்தால் அங்கேயே இறங்கி ஆட்டோ பிடிப்பது இன்னும் கிட்டம். ஓசூர்க்காரர்களுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து நல்ல காலம்: பொம்மசந்திரா வரை பஸ்ஸில் வந்து மஞ்சள் வழித்தடத்தில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கு மாறி, மெஜஸ்டிக்கில் ஊதாவுக்கு மாறலாம். இரண்டு முறை மாற வேண்டும்தான். சில்க் போர்டு சந்திப்பில் பஸ்ஸுக்குள் நிற்பதற்கு இது பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவின் முதல் வண்டி மற்ற நாட்களைவிடத் தாமதமாகத்தான் கிளம்பும். விடியற்காலையே போக நினைக்கிறவர்கள் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எந்த நிலையத்தில் இறங்குவது? பெயரே கப்பன் பார்க் என்று இருக்கிறதே என்று எல்லாரும் அங்கேதான் இறங்குவார்கள். தப்பில்லை. ஆனால் முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது, அதற்கு முந்தைய விதான சவுதா நிலையத்தில் இறங்கி, பூங்காவைக் குறுக்காகக் கடந்து, எம்.ஜி. ரோடு நிலையத்தில் ஏறித் திரும்புங்கள். நடந்த வழியிலேயே திரும்பி வர வேண்டியதில்லை. கடைசியில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் பக்கத்தில் போய் முடியும்.

எடுத்துப் போக வேண்டியது, கூடாதது

தண்ணீர் பாட்டில், தொப்பி, நடக்க ஏற்ற செருப்பு, உட்கார ஒரு துண்டு அல்லது பழைய பெட்ஷீட். மே மாதமும், ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரையும் குடை கட்டாயம். பெங்களூர் மழை மாலையில்தான் பெரும்பாலும் வரும், வந்தால் சொல்லிக்கொண்டு வராது.

புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போய்ப் புல்தரையில் பிரித்துச் சாப்பிடுவது நம் பழக்கம். இங்கே அது செல்லாது. மிச்சம் மீதி கிடந்தால் எலியும் நாயும் பெருகுகின்றன என்று தோட்டக்கலைத் துறை பூங்காவுக்குள் சாப்பிடத் தடை போட்டிருக்கிறது. விசில் ஊதிக்கொண்டு காவலர் வந்து எழுப்பிவிடுவார். எனக்கு இதில் பாதி மனசுதான் சம்மதம். குடும்பத்தோடு வருகிறவர்களுக்குச் சாப்பிடவென்று ஒரு ஓரமாவது ஒதுக்கியிருக்கலாம். ஆனால் விதி விதிதான், காவலரிடம் வாதாடிப் பயனில்லை.

செல்போனில் படம் எடுக்க யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பெரிய கேமரா, குடை விளக்கு, உடை மாற்றும் ஏற்பாடு என்று கல்யாண போட்டோஷூட் மாதிரி போனால் அனுமதி கேட்பார்கள். ஸ்பீக்கரில் பாட்டு வைப்பதும் வேண்டாம்.

கழிப்பறையை மெட்ரோ நிலையத்திலேயே பயன்படுத்திவிட்டுக் கிளம்புங்கள். உள்ளே இருப்பவை தள்ளித் தள்ளி இருக்கும், எல்லா நேரமும் ஒரே நிலையில் இருக்காது. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதை முக்கியமாகக் கவனியுங்கள்.

நடக்கும் வழி

விதான சவுதா நிலையத்திலிருந்து மேலே வந்ததும் இரண்டு கட்டடங்கள் சாலையின் இரு பக்கமும் எதிரெதிரே நிற்கும். சாம்பல் நிறக் கருங்கல்லில் பிரம்மாண்டமாக நிற்பது 1956இல் முடிந்த விதான சவுதா, சட்டமன்றம். எதிரே செக்கச் சிவந்து நீளமாக இருப்பது ஹைகோர்ட். பழைய பெயர் அத்தாரா கச்சேரி. பதினெட்டு அரசு அலுவலகங்கள் இருந்த இடம். 1868இல் கட்டி முடித்தது, சாங்கியின் காலத்து வேலை. 1980களில் இதை இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் கட்டும் யோசனை வந்து, எதிர்ப்புக் கிளம்பி, தப்பித்தது. வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பதென்றால் வெயில் ஏறுவதற்கு முன் எடுங்கள்.

அங்கிருந்து பூங்காவுக்குள் பிரியும் சாலை எது என்று காவலுக்கு நிற்கும் போலீஸ்காரரையோ டீ விற்பவரையோ கேட்டுக்கொள்வது நல்லது. பாதுகாப்புக் காரணமாகச் சில நாள் தடுப்பு வைத்திருப்பார்கள். தமிழில் கேட்டாலும் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். ஆனால் எடுத்த எடுப்பில் தமிழில் தொடங்காதீர்கள். "நமஸ்காரா, பார்க் எல்லிதெ அண்ணா?" என்று அரைகுறைக் கன்னடத்தில் கேட்டுப் பாருங்கள், அவரே தமிழுக்கு மாறிவிடுவார்.

உள்ளே நுழைந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். நேராக நூலகத்துக்குப் போக வேண்டிய அவசரம் இல்லை. முதலில் மேடை ஒன்று வரும்: எட்டு மூலையுள்ள இரும்பு மண்டபம், பேண்ட் ஸ்டாண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் ராணுவ பேண்டு வாசித்த இடம். இப்போதும் வார இறுதியில் எப்போதாவது கச்சேரி நடக்கும். சுற்றி இருக்கும் புல்வெளிதான் பூங்காவிலேயே உட்கார நல்ல இடம் என்பது என் கட்சி. குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் மார்க் கப்பனின் சிலையும் இப்போது பூங்காவுக்குள்தான். வெகுகாலம் ஹைகோர்ட் முன்னால் நின்றது, 2020இல் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள்.

நடக்க நடக்க இடையிடையே பாறைகள் தலைகாட்டும். யாரும் கொண்டுவந்து வைத்தவை அல்ல, இந்த மண்ணின் சொந்தப் பாறைகள். சாங்கி அவற்றை உடைத்து அள்ளாமல் விட்டு, வளைத்துப் பாதை போட்டார். அதனால்தான் இந்தப் பூங்கா கோடு கிழித்த மாதிரி நேர்நேராக இல்லாமல் ஏற்ற இறக்கமாக இருக்கிறது. வழி தவறுவது சகஜம். கவலை வேண்டாம், எந்தப் பக்கம் போனாலும் இருபது நிமிடத்துக்குள் ஏதோ ஒரு பெரிய சாலை வந்துவிடும்.

நடுவில் சிவப்பு வெளிச்சுவரோடு, முன்னால் ரோஜாத் தோட்டத்தோடு நிற்பது சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம். 1915இல் எழுந்தது. இப்போது மாநில மத்திய நூலகம். வாசலில் நிற்கும் சிலை அவருடையதே. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்தவர். காவிரியில் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்குக் கொண்டுபோகும் திட்டம் அவர் காலத்தில் தொடங்கியது. 1902இல் அது ஓடத் தொடங்கியபோது அவர் உயிரோடு இல்லை. 1905இல் பெங்களூர்த் தெருக்களில் விளக்கு எரிந்ததும் அந்த மின்சாரத்தில்தான். தங்கவயலில் வேலை பார்த்த தாத்தா, கொள்ளுத்தாத்தா உள்ள வடஆற்காட்டுக் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு இந்தச் சிலை முன் ஒரு நிமிடம் நிற்கக் காரணம் இருக்கிறது.

நூலகத்துக்குள் போகலாம். பையை வாசலில் கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிட்டு, தலையைத் தூக்கி மேற்கூரையைப் பாருங்கள். படிக்கிறவர்கள் உண்மையிலேயே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள், பேச்சு வேண்டாம். நூலகத்தின் பின்பக்கம் மூங்கில் புதர்கள். வெயில் ஏறியபின் பூங்காவில் குளிர்ச்சியான இடம் அதுதான்.

அருங்காட்சியகமும் ஒரு நாயின் கல்லும்

மூங்கில் பக்கமிருந்து கிழக்கே நடந்தால் கஸ்தூர்பா ரோடு. இந்த ஓரத்தில் மூன்று கூடங்கள் வரிசையாக இருக்கின்றன. நேரம் குறைவாக இருந்தால் அரசு அருங்காட்சியகத்துக்கு மட்டும் போங்கள்.

1865இல் தொடங்கியது, தென்னிந்தியாவில் சென்னை அருங்காட்சியகத்துக்கு அடுத்துப் பழையது. சென்னையில் எழும்பூர் அருங்காட்சியகத்தை உருவாக்கிய அதே மருத்துவர் எட்வர்டு பால்ஃபோர்தான் இதற்கும் முன்கை எடுத்தவர். இப்போதிருக்கும் சிவப்புக் கட்டடம் 1877இல் வந்தது. கட்டணம் சொற்பம். உள்ளே விளக்கு மங்கல், விளக்கப் பலகைகள் சுமார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு ஒரு கல்லைத் தேடிப் பாருங்கள்.

ஆட்டகூர்க் கல்வெட்டு என்று கேளுங்கள். மாண்டியா பக்கத்து ஆட்டகூரிலிருந்து கொண்டுவந்த நடுகல். மேலே ஒரு நாயும் காட்டுப்பன்றியும் மோதிக்கொண்டிருக்கும் சிற்பம். சோழர் வரலாறு படித்தவர்களுக்குத் தக்கோலம் தெரிந்திருக்கும். அரக்கோணத்துக்குப் பக்கத்தில், 949ஆம் ஆண்டு வாக்கில் நடந்த போர். ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனுக்காகப் போரிட்ட கங்க மன்னன் இரண்டாம் பூதுகன், முதலாம் பராந்தகனின் மகன் இராஜாதித்தனை யானைமேலேயே கொன்றான். நம் கல்வெட்டுகள் இராஜாதித்தனை 'ஆனைமேல் துஞ்சின' என்று சொல்வது இதைத்தான். சோழநாட்டுக்குப் பல ஆண்டுகள் எழ முடியாதபடி விழுந்த அடி அது.

அந்தப் போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பவனிடம், என்ன வேண்டும் கேள் என்றான் பூதுகன். மணலேரன் பொன்னும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டான். பிறகு ஒருநாள் அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்துப்போயின. நாய்க்குக் கல் நட்டு, நிலமும் எழுதிவைத்தார்கள். சோழ இளவரசன் விழுந்த செய்தியும் நாய் விழுந்த செய்தியும் ஒரே கல்லில் இருக்கின்றன. நம் பக்கத்துத் தோல்விக்குச் சமகாலச் சாட்சி பெங்களூரில் இருப்பது தமிழ்நாட்டிலிருந்து வருகிற பலருக்குத் தெரியாது. நான் கூட்டிப் போகிற விருந்தாளிகளை முதலில் நிறுத்தும் இடம் இதுதான்.

பழைய கட்டடம், பராமரிப்புக்காக அவ்வப்போது கூடங்களை மூடிவைப்பார்கள். டிக்கெட் வாங்குவதற்கு முன்பே, இந்தக் கல்லைப் பார்க்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

ஓவியத்தில் ஆர்வம் உள்ளவர்கள் பக்கத்திலேயே வெங்கடப்பா கலைக்கூடத்துக்குப் போகலாம். அபனீந்திரநாத் தாகூரிடம் பயின்ற கே. வெங்கடப்பா ஊட்டியையும் கொடைக்கானலையும் நீர்வண்ணத்தில் தீட்டியவர். பனிமூட்டத்தை அவர் வரைந்திருக்கும் விதம் அந்த மலைகளை நன்றாகத் தெரிந்தவர்களையும் நிறுத்திவைக்கும்.

மூன்றாவது, விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம். 1962இல் நேரு திறந்துவைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் அங்கேயே அரைநாள் போய்விடும். வாசலிலேயே விமானமும் ரயில் இன்ஜினும் நிற்கும். உள்ளே ரைட் சகோதரர்களின் விமான மாதிரி, கையால் சுற்றிப் பார்க்கும் இயந்திரங்கள், டைனோசர். இது மற்ற இரண்டையும் போலத் திங்கட்கிழமை மூடுவதில்லை. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது, பூங்காவை ஒருநாள், இதை இன்னொரு நாள். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் கடைசியில் யாரையாவது தோளில் தூக்கிக்கொண்டுதான் மெட்ரோ ஏற வேண்டும்.

சின்னக் குழந்தைகளுக்கு ஜவஹர் பால பவன். கப்பன் பார்க் மெட்ரோ நிலையத்துப் பக்கம் இருக்கிறது. விளையாட்டுத் திடலும், புட்டாணி எக்ஸ்பிரஸ் என்ற குட்டி ரயிலும் உண்டு. ரயில் சில காலம் ஓடும், சில காலம் நிற்கும். பிள்ளையிடம் வாக்குக் கொடுப்பதற்கு முன் வாசலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மரம் பார்க்கப் போகிறவர்களுக்கு

'வெறும் மரம்தானே' என்பவர்களுக்கு இந்தப் பகுதி தேவைப்படாது, தாண்டிப் போகலாம்.

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக நட்டிருக்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். இங்கே அது கவாத்து செய்யப்படாமல் தன் முழு உயரத்துக்கு நிற்பதைப் பார்க்கலாம். கிளையைக் குடையாக விரித்துச் சாலையை மூடியிருப்பவை தூங்குமூஞ்சி மரங்கள். நெட்டிலிங்கம், நாகலிங்கம், மகோகனி, அரசும் ஆலும் சார்ந்த அத்திக் குடும்பத்து மரங்கள், அரோகேரியா என்று தொண்ணூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன.

பூவுக்காகவே போவதென்றால் மாதம் பார்த்துப் போக வேண்டும். அக்டோபர், நவம்பரில் மரமல்லி. காலையில் பாதை முழுக்க வெள்ளைக் குழல் பூக்கள் உதிர்ந்து கிடக்கும், வாசனை தனி. டிசம்பர் ஒட்டி இளஞ்சிவப்பு டபேபுயா. பிப்ரவரி, மார்ச்சில் மஞ்சள் டபேபுயா இலை உதிர்த்துவிட்டுப் பூவாகவே நிற்கும். அதே சமயத்தில் ஊதா நிற ஜகரண்டா. ஏப்ரல் பிறந்தால் குல்மோஹர் சிவப்பு. இப்படி ஒன்று முடிய ஒன்று பூக்கும்படி நகரம் முழுக்க மரங்களைத் தேர்ந்தெடுத்து நட்ட பெருமையை, 1908இல் பெங்களூருக்கு வந்து லால்பாக்கைக் கவனித்த ஜெர்மன் தோட்டக்கலைஞர் குரும்பிகலுக்குக் கொடுக்கிறார்கள். ஒரே ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மார்ச்சைச் சொல்வேன்.

காலையில் 'டுக் டுக் டுக்' என்று யாரோ சம்மட்டியால் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தால் அது செம்மார்புக் குக்குறுவான். சத்தம் வரும் மரத்தின் உச்சிக் கிளையில் பட்ட கொம்பைப் பாருங்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள், கிளிகளும் பருந்துகளும் சலிக்காமல் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. கோடை மழைக் காற்று அடிக்கும்போது மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். நூறு வயதைத் தாண்டிய மரங்கள், கொப்பு முறிந்து விழுவது இங்கே ஒவ்வொரு வருஷமும் நடப்பது. காற்று எழும்பினால் நூலகம், அருங்காட்சியகம், மெட்ரோ என்று கூரையுள்ள இடத்துக்கு நகர்ந்துவிடுங்கள்.

தனியாகப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை

பகலில் தனியாகப் போகப் பயமில்லை. பெண்கள் தனியாக ஓடுவதும் படிப்பதும் சாதாரணக் காட்சி. மாலை ஆறு மணியோடு கிளம்பிவிடுங்கள். இருட்டினால் உட்பாதைகளில் வெளிச்சம் போதாது. தெருநாய்கள் உண்டு, சும்மா போனால் சும்மா இருக்கும், பிஸ்கட் போட்டால் கூட்டமே பின்னால் வரும். உங்கள் நாயைக் கூட்டிப் போனால் கயிறு கட்டாயம்.

கிளம்பும்போது

கஸ்தூர்பா ரோட்டிலேயே வடக்கே நடந்தால் பூங்காவின் முனையில் வெள்ளைப் பளிங்கில் விக்டோரியா ராணி. 1906இல், பின்னால் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்த சிலை. நாட்டில் எத்தனையோ ஊர்களில் ராணியை இறக்கி வைத்துவிட்டார்கள், இங்கே இன்னும் நின்ற இடத்திலேயே நிற்கிறார். எதிரே சாலையைக் கடப்பதுதான் இந்த நடையிலேயே கஷ்டமான வேலை. சிக்னல் விழும் வரை நில்லுங்கள், ஓடாதீர்கள்.

கடந்து எம்.ஜி. ரோட்டில் கொஞ்ச தூரம் போய் வலது பக்கம் திரும்பினால் சர்ச் ஸ்ட்ரீட். பழைய புத்தகக் கடைகளும், இந்தியா காபி ஹவுஸும் அங்கேதான். காபி ஹவுஸில் ஞாயிறு காலை இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும். தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர் வந்து நிற்கும்போது மெனு கார்டைப் புரட்டிக்கொண்டிருக்காமல் மசால் தோசையும் காபியும் சொல்லிவிடுங்கள். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் எம்.ஜி. ரோடு மெட்ரோ சில நிமிட நடை. மெஜஸ்டிக் போக வேண்டியவர்கள் சல்லகட்டா பக்கம் போகும் நடைமேடையில் நில்லுங்கள்.